குடுமியான்மலை மைனர்

'மைனர்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சில்க் ஜிப்பா, புலிநகம் கோத்த செயின், வாய் நிறைய வெற்றிலை. தாத்தா சேர்த்த நஞ்சையை வருஷத்துக்குக் கொஞ்சமாக விற்றுத் தீர்க்கும் ஆசாமி. சினிமாவில் இவர் இடைவேளைக்கு அப்புறம் திருந்துவார், அல்லது உதை வாங்குவார். இரண்டுக்கும் பாட்டு உண்டு.

பி.காம். படித்தவர்களுக்கு இன்னொரு மைனரைத் தெரியும். 18 வயது ஆகாதவர். மெர்க்கன்டைல் லா பேப்பரில் தவறாமல் வந்துவிடுவார். 1903ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மொஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கு. மைனர் ஒருவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கடன் கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மைனர் என்றால் பக்கத்தில் ஒரு கார்டியன் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசு என்பது இதன் நீதி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

இப்போது மூன்றாவதாக ஒரு மைனர் கிளம்பியிருக்கிறார். காலேஜ் மைனர். 2022 டிசம்பரில் யு.ஜி.ஸி. வெளியிட்ட பாடத்திட்ட வரையறைப்படி மூன்று வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட். அதில் 'மேஜர்' பாடத்துக்குக் குறைந்தது 60, 'மைனர்' பாடத்துக்கு 24. நம்மில் பலர் படித்த நாளில் இதை ஆன்ஸிலரி என்றோ அலைடு என்றோ சொல்வார்கள். நல்ல தமிழில் துணைப்பாடம். சர்க்கரை வாங்கப் போனவன் தலையில் கட்டுகிற உப்பு பாக்கெட் மாதிரிதான் மாணவர்கள் அதை நடத்துவார்கள். நாற்பது மார்க் வந்தால் போதும், பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய்.

இந்த மூன்றாவது மைனரை நான் குடுமியான்மலையில் ஒரு டீக்கடையில் சந்தித்தேன்.

குடுமியான்மலை, புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒற்றைப் பாறைக் குன்று, அடியில் சிகாநாத சுவாமி கோயில், அங்கே புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. போனது அதைப் பார்க்க. ஆனால், டீ வருவதற்குள் பெஞ்சில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி: உரக்கடை வைத்திருக்கும் ஒரு தாய்மாமன். பிரதிவாதி: பிளஸ் டூ முடித்த மருமகன். வெளியூர்க் காலேஜ் ஒன்றில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் கிடைத்திருக்கிறது. மைனர் பாடத்துக்கு மூன்று கட்டம்: கணக்கு, கம்ப்யூட்டர், பயோபிஸிக்ஸ். சாயங்காலம் ஐந்து மணிக்குள் செல்போனில் டிக் அடித்து அனுப்ப வேண்டும். பையன் விரல் மூன்றாவது கட்டத்துக்குப் போகிறது. மாமா விடவில்லை. ஃபீஸ் கட்டியவர் அவர்.

"தம்பி, நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க" என்று என்னை இழுத்தார் மாமா. "பயோன்னா தவளை. பிஸிக்ஸ்னா கரண்ட்டு. ரெண்டும் சேர்ந்தா என்னங்க? தவளைக்குக் கரண்ட் வைக்கிறதா?"

டீக்கடை சிரித்தது. ஆனால் மாமா கிண்டலாகச் சொன்னது அட்சரம் பிசகாத சரித்திரம்! இத்தாலியில் பொலோனா நகரத்து டாக்டர் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் காலில் உலோகத்தைத் தொட்டார். கால் உதறியது. உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791ல் எழுதினார். வோல்ட்டா என்ற பிஸிக்ஸ்காரர், "அதெல்லாம் கிடையாது, மின்சாரம் உலோகத்திலிருந்து வருகிறது" என்று சண்டைக்கு வந்தார். சொன்னதை நிரூபிக்க 1800ல் உலோகத் தட்டுகளை அடுக்கி ஒன்று செய்தார். அதுதான் உலகத்தின் முதல் பாட்டரி. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சரி. தவளைச் சண்டையில் நமக்கு டார்ச் லைட்டும் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டி எடுக்கிறார்களே ஈ.ஸி.ஜி., அதற்கும் விதை விழுந்தது. ஈ.ஸி.ஜி.யை உருப்படியாக எடுத்துக்காட்டிய ஐன்தோவனுக்கு 1924ல் நோபல் பரிசு. அவர் டாக்டர். ஆனால் இதயத்தை அளக்க அவர் எடுத்துக்கொண்டது கால்வனோமீட்டர், பிஸிக்ஸ் லேப் சாமான்.

"மாமாவே பயோபிஸிக்ஸ்தான் போல" என்றான் பையன்.

"டேய் மாப்ளே, வாயை மூடு" என்றார் மாமா. ஆனால் முகத்தில் ஒரு பெருமை.

கோயிலுக்குள் போய்ப் பேசலாம் என்று கிளம்பினோம். சாமிக்கு சிகாநாதர் என்று பெயர் வந்த கதையை மாமாதான் சொன்னார். அர்ச்சகர் ஒருவர் சாமிக்கு வைக்க வேண்டிய பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். திடீரென்று ராஜா வந்துவிட, அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாக நீட்டினார். பூவில் ஒரு நீள முடி! "இது என்ன?" என்றார் ராஜா. "சுவாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா" என்று அர்ச்சகர் சமாளித்தார். "காட்டு" என்றார் ராஜா. பக்தனைக் காப்பாற்ற லிங்கம் குடுமியோடு காட்சி தந்தது என்பது தலபுராணம்.

கதையில் எனக்குப் பிடித்த ஆள் ராஜா. காதில் கேட்டதோடு விடாமல், காட்டச் சொன்னார் பாருங்கள், அது பிஸிக்ஸ்காரன் குணம். பயோபிஸிக்ஸ் என்பதை இந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். உயிருள்ள சமாசாரத்தைப் பார்த்து, "காட்டு. எவ்வளவு நீளம், எவ்வளவு விசை, எத்தனை வோல்ட்?" என்று கேட்பது.

அந்த முடியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் கம்பளி மில்களுக்குப் பெயர்போனது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு 1928ல் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற பிஸிக்ஸ்காரர் போய்ச் சேர்ந்தார். கம்பளி, தலைமுடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எக்ஸ்ரேயில் படம் பிடித்தார். முடியை ஈரப்படுத்தி இழுத்தால் படம் வேறு மாதிரி வருகிறது. விட்டால் பழைய மாதிரி. அப்படியானால் முடிக்குள் ஏதோ மடிந்து கிடக்கிறது! பின்னால் 1950களில் பாலிங், கிரிக் போன்றவர்கள் விளக்கினார்கள்: முடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரோட்டீன் ஸ்பிரிங் மாதிரி சுருண்டது. அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நாம் குடுமி முடிவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு முடிக்குள்ளும் பின்னல் போட்டாகிவிட்டது.

ஆஸ்ட்பரிக்குப் புரோட்டீன் பைத்தியம் எவ்வளவு என்றால், நிலக்கடலைப் புரோட்டீனை இழையாக்கி நெய்த கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிந்தார். மாமா நின்றுவிட்டார்.

"கடலையிலயா? நம்ம கடலையிலயா?"

"கடலைதாண்ணே. ஐ.ஸி.ஐ. கம்பெனி ஆர்டில் என்று பெயர் வைத்து விற்றது. வியாபாரம் நிற்கவில்லை."

"நிக்காது. மழையில நனைஞ்சா முளைச்சிருக்கும்" என்றார் மாமா. அதுவரை பயோபிஸிக்ஸை அந்நியமாகப் பார்த்தவர், கடலை வந்ததும் சொந்தமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

இதைச் சொன்னால் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் திருச்சிக்கு வாருங்கள். செயின்ட் ஜோசப் காலேஜில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பிஸிக்ஸ் முடித்து 1942ல் வெளியே வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்கில் சேர்ந்தார். பிஸிக்ஸ் ஆசை விடவில்லை. ஸி.வி. ராமன் அவரைத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1952ல், முப்பது வயது நிறையும்போது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிஸிக்ஸ் துறைத் தலைவர்.

அதே சமயம் லண்டனிலிருந்து பெர்னால் என்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரோட்டீனின் அமைப்பு யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன். சென்னையில் தோலுக்குப் பஞ்சமா? அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராமச்சந்திரன் அங்கே போய் கொலாஜன் கேட்டு வாங்கினார். கங்காரு வாலின் தசைநாண் வரைக்கும் எக்ஸ்ரேயில் வைத்தார்கள். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் விடையை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று புரிகள் சேர்ந்தது. அடுத்த வருஷம் திருத்தினார்கள்: மூன்று புரிகளும் தனித்தனியே சுருண்டு, மொத்தமாகவும் ஒரு தரம் முறுக்கிக்கொள்கின்றன. இந்த யோசனைக்கு உதவியது சந்திரன். பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தையே காட்டிக்கொண்டு சுற்றுகிறதல்லவா, அந்த மாதிரி. வானசாஸ்திரத்தை வைத்துத் தோலைப் புரிந்துகொண்ட மனிதர்!

இங்கேதான் வில்லன் வருகிறார். 1955ல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் என்ற இரண்டு பேர் ஆட்சேபம் எழுப்பினார்கள். மூன்று புரி என்பது சரி, ஆனால் உங்கள் மாடலில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கிற அளவுக்கு நெருங்கி நிற்கின்றனவே என்றார்கள். கிரிக் என்றால் சாதாரண ஆள் இல்லை, டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர்.

நீங்களும் நானுமாக இருந்தால் மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதி ஃபைலை மூடியிருப்போம். ராமச்சந்திரன், "சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் இடிக்கும்?" என்று கேட்டார். அதுவரை வெளிவந்த படிக ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டி ஒரு பட்டியல் போட்டார்கள். புரோட்டீன் என்பது சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திருகக்கூடிய மூட்டுகள் இரண்டு. இந்த மூட்டை இத்தனை டிகிரி, அந்த மூட்டை இத்தனை டிகிரி திருகினால் இடிக்குமா, இடிக்காதா? ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரண்டு சகாக்களோடு மேசைக் கணக்கு மெஷினில் தட்டித் தட்டி ஒரு வரைபடம் போட்டார். 1963ல் வெளிவந்தது. உலகம் பூராவும் அதை ராமச்சந்திரன் பிளாட் என்றுதான் சொல்கிறது.

புரியவில்லையா? காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் கம்பி, வலது கையில் டிபன் காரியர். உடம்பை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பலாம் என்று பேர். ஆனால் பாதிக்கு மேல் கோணங்களில் யார் முழங்கையாவது விலாவில் இடிக்கும். இடி வாங்காமல் நிற்க இரண்டு மூன்று போஸ்தான் உண்டு. அந்த போஸ்களின் படம்தான் ராமச்சந்திரன் பிளாட். கிளைசின் என்று ஒரு பொடியன் உண்டு, அமினோ அமிலங்களிலேயே சின்னவன். எங்கே வேண்டுமானாலும் புகுந்துகொள்வான். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசின்தான் இருக்க வேண்டும். புரிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வேறு யாருக்கும் இடம் கிடையாது.

2024ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசில் பாதி, புரோட்டீன் அமைப்பைக் கம்ப்யூட்டரை விட்டுக் கணித்தவர்களுக்குப் போனது. அந்தக் கம்ப்யூட்டர் போடும் படமும் உருப்படியா என்று பார்க்க ராமச்சந்திரன் பிளாட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். ராமச்சந்திரன் 2001ல் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. ஆனால் நோபல் வாங்கினவர்கள் அவரிடம் சோதனைக்கு நிற்கிறார்கள்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு உரக்கடைக்காரராகக் கேட்டார்: "எல்லாம் சரிங்க தம்பி. இதைப் படிச்சா வேலை?"

நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. பி.எஸ்ஸி.யில் 24 கிரெடிட் பயோபிஸிக்ஸ் படித்ததற்காக யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். மேலே படித்தால்தான் கதவு திறக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ராமச்சந்திரன் வழியில் வந்த படிகவியல், பயோபிஸிக்ஸ் துறை இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் தொடங்கிவைத்த மாலிக்யூலர் பயோபிஸிக்ஸ் யூனிட் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் ஒரு துறை இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்து 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டு வருஷம் கழித்து 42,000.

"படிக்கிறதுக்கா சம்பளம்?"

"ஆமாண்ணே. வருஷத்துக்கு 4 லட்சத்து 44 ஆயிரம்." கணக்கு என் மேஜர்!

"ஆனால்..." என்று பையன் பக்கம் திரும்பினேன். அந்தத் தேர்வு லேசு இல்லை. பி.எச்டி. ஐந்து வருஷமாவது ஆகும். கூடப் படித்தவன் கார் வாங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளைக்கு மொட்டை போடும்போது நீ லேபில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புரோட்டீனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டில் பணம் அனுப்பச் சொல்லி நெருக்கினால் அது இன்னும் கஷ்டம். இதை மாமாவும் அம்மாவும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மாமா தலையை ஆட்டினார். பையன் ஆட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான். அதுவே நல்ல அடையாளம்.

டிக் அடிப்பதற்கு முன் காலேஜில் மூன்று விஷயம் விசாரிக்கச் சொன்னேன். இந்த மாதிரி கட்டத்தின் முன் நிற்கும் யாருக்கும் இது பொருந்தும்.

ஒன்று, சிலபஸ். பயோபிஸிக்ஸ் என்று பேர் போட்டுவிட்டு, ஸென்ட்ரிஃப்யூஜ் என்றால் என்ன, கலரிமீட்டர் என்றால் என்ன என்று மெஷின் பெயர்களை ஐந்து மார்க் கேள்வியாக உருப்போட வைத்தால் அது பயோபிஸிக்ஸ் இல்லை, சாமான் லிஸ்ட்.

இரண்டு, லேப். மாணவன் கையால் தொட்டு எதையாவது அளக்கிறானா? ஒரு நரம்பின் துடிப்போ, முடியின் பலமோ, குறைந்தபட்சம் கம்ப்யூட்டரில் ஒரு புரோட்டீனைத் திருப்பிப் பார்ப்பதோ உண்டா?

மூன்று, மேலே போகும் வழி. எம்.எஸ்ஸி. அட்மிஷனில் முதலில் பார்ப்பது மேஜரைத்தான். நீ போக நினைக்கும் இடத்தின் தகுதிப் பட்டியலில் உன் மேஜர் இருக்கிறதா?

பையன் அங்கேயே, ஆயிரங்கால் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, காலேஜுக்கு போன் போட்டான். லேப் உண்டு என்றார்கள். நாலே முக்காலுக்கு மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. மாமா, "தவளைக்கு வெக்கிறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டு வைடா" என்று ஆசீர்வாதம் செய்தார். நான் ஒருவழியாக நான் வந்த காரியத்துக்குப் போனேன்.

மேலக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். ஏழு பகுதி, ஏழு ராகம். ஸ்வரங்களை நான்கு நான்காகப் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து பல்லவ கிரந்தம், வாசகம் சம்ஸ்கிருதம். கடைசியில் மட்டும் தமிழில் ஒரு குறிப்பு, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று. எட்டு நரம்பு, ஏழு நரம்பு வாத்தியங்களா, வேறு ஏதாவதா என்று பண்டிதர்களுக்குள் பேச்சு உண்டு. எனக்குப் பட்டது இதுதான்: வெட்டினவருக்குத் தன் சரக்கு ஒரு வாத்தியத்தோடு நின்றுவிடக் கூடாது என்று ஓர் அக்கறை இருந்திருக்கிறது.

துணைப்பாடத்தின் பிரயோஜனமும் அதேதான். ஒரு வீட்டில் கற்ற கேள்வியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்பது. ராமச்சந்திரன் பிஸிக்ஸை விட்டுவிட்டுத் தோலுக்குப் போகவில்லை. பிஸிக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

இருபது வயதில் டிக் அடிக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பரோடாவில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ், அமெரிக்காவில் ஓஹையோவில் 1976ல் பிஸிக்ஸ் பி.எச்டி. டாக்டர் பட்டம் வாங்கின கையோடு, உயிரியல் கற்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து, பி.எஸ்ஸி. பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். செல்லுக்குள் புரோட்டீன் தயாரிக்கும் ரைபோஸோம் என்ற தொழிற்சாலையின் அமைப்பைக் காட்டியதற்காக 2009ல் நோபல் பரிசு, இன்னும் இருவரோடு. மைனர் பாடத்தை பி.எச்டி.க்கு அப்புறம் படித்தவர் அவர். அதே பாடத்தைக் காலேஜிலேயே படித்துவிட்டால் செலவும் வெட்கமும் மிச்சம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இரண்டு பேர் கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். மேஜர் கெட்டி. பிஸிக்ஸில் கை தேர்ந்த பிறகுதான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டிலும் அரைகுறையாக இருப்பவனுக்குத் தவளையும் கிடைக்காது, கரண்ட்டும் கிடைக்காது, ஷாக் மட்டும் அடிக்கும்.

1903லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது: கார்டியன் இல்லாத மைனரை நம்பிக் கடன் கொடுக்காதே.